அறை நிறைந்துவிட்டால் எந்த முன்னோர் நகர வேண்டும்?

கேள்வி: அமாவாசை தர்ப்பணத்தை அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தாவோடு நிறுத்திக்கொள்கிறோம். சீனப் பேரரசர்கள் எத்தனை தலைமுறைக்குச் செய்தார்கள்? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: பெய்ஜிங்கில் பேரரசர்களின் முன்னோர் கோயிலான தைமியாவையே எடுத்துக்கொள்வோம். மிங் பேரரசர் யோங்லெ 1420ல் கட்டியது. இன்று தெற்கு வடக்காக மூன்று மண்டபங்கள். பூஜை முன் மண்டபத்தில். முன்னோர் 'குடியிருப்பு' நடு மண்டபத்தில். சிலை கிடையாது, பெயர் எழுதிய மரப்பலகைதான் முன்னோர். பலகைகள் ஒன்பது அறைகளில் இருந்தன. சிக்கலே அங்கேதான். 1487ல் செங்குவா பேரரசர் காலமானபோது ஒன்பதும் நிரம்பியிருந்தன. வம்சத்தை நிறுவியவரின் பலகையை அசைக்கக்கூடாது. எனவே அவருக்கும் முந்தைய பாட்டன்மார் வரிசையிலிருந்து ஒருவரை வெளியே எடுத்தார்கள். அப்படி நகர்ந்தவர்களுக்காகவே 1491ல் பின் மண்டபம் எழுந்தது. தலைமுறைக் கணக்கைவிட அறைக் கணக்குதான் தீர்மானித்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதில் குடும்பச் சண்டையும் உண்டு. பட்டத்துக்கே வராத தன் தந்தைக்குப் பேரரசர் மரியாதை வேண்டும் என்று பின்னாளைய மிங் பேரரசர் ஜியாஜிங் பிடிவாதம் பிடித்தார். 1524ல் அரண்மனை வாசலில் மண்டியிட்டு அழுது எதிர்த்த அதிகாரிகளுக்குத் தடியடி. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். 1541ல் இடி விழுந்து கோயில் எரிந்தது, 1545ல் திரும்பக் கட்டினார்கள்.

கேள்வி: வருஷத்துக்கு எத்தனை முறை? என்னென்ன படைப்பார்கள்? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: நான்கு பருவங்களின் முதல் மாதத்தில் ஒவ்வொரு முறை; வருஷக் கடைசியில் எல்லா முன்னோருக்கும் சேர்த்துப் பெரிய பூஜை. பேரரசர் மூன்று நாள் விரதம். பலகைகளை நடு மண்டபத்திலிருந்து ஏந்தி வந்து, முன் மண்டப நாற்காலிகளில் அமர்த்துவார்கள். முழு மாடு, ஆடு, பன்றி படையல். மதுவை மூன்று முறை படைப்பார்கள். பிறகு பேரரசர் பிரசாத மதுவும் இறைச்சியும் வாங்கிக்கொள்வார். கடைசியில் பட்டுத்துணியை எரித்துவிட்டு, பலகைகளைப் பழைய அறைக்கே கொண்டுபோவார்கள்.

கேள்வி: இப்போது பார்க்க முடியுமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: முடியும். 1950 முதல் அது 'உழைக்கும் மக்கள் பண்பாட்டு மாளிகை'. தியானன்மென் வாயிலுக்குக் கிழக்கே தனி நுழைவாயில் இருக்கிறது. அரண்மனை டிக்கெட்டோடு நேரே வடக்கே நடப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். முன் மண்டபம் 11 அங்கண (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) அகலம்; 68 தூண்களும் நான்மு என்ற உயர்ரக மரம். 1998ல் இசை நடத்துநர் ஜூபின் மேத்தா 'டூரண்டாட்' ஓப்பரா (இசை நாடகம்) நடத்தியது இந்த முற்றத்தில்தான். மரப்பலகைகளைத் தேடாதீர்கள், அங்கே இல்லை.