காரிலேயே கோவைக்குக் குடிவரலாமா?

கேள்வி: எட்டு வருடமாக குருகிராமில் இருக்கிறோம். கணவருக்குக் கோவை சரவணம்பட்டிக்கு மாற்றல் வந்திருக்கிறது. எங்களுடையது ஹரியானா பதிவெண் உள்ள பெட்ரோல் கார், லோன் இன்னும் முடியவில்லை. மாமியாரையும் ஆறு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு காரிலேயே வந்துவிடலாமா? வாடகைக்கு ஒரு அபார்ட்மென்ட்டைப் போட்டோவில் பார்த்து வைத்திருக்கிறோம். எதை முதலில் செய்வது?

பதில்: தாராளமாக வாருங்கள். ஐந்து நாள் ஒதுக்கினால் பெரியவருக்கும் பையனுக்கும் சிரமம் இருக்காது. எதை முதலில் செய்வது என்று கேட்டீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று பலரும் தள்ளிப்போடும் வேலைகளில் பாதி, கிளம்பும் ஊரிலேயே முடிக்க வேண்டியவை. விட்டுவிட்டு வந்தால் ஒரு கையெழுத்துக்காக 2,500 கிலோமீட்டர் திரும்பப் போக நேரிடும்.

வண்டியிலிருந்து தொடங்குவோம். வேறு மாநிலப் பதிவெண் உள்ள வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்கியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதற்கு, வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும். லோன் பாக்கி இருப்பதால் பேங்க்கின் சம்மதமும் தேவை. அது இழுத்தடிக்கும் வேலை, ஆகவே இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். கட்டாத அபராதச் சலான் கிடந்தால் அதையும் தீர்த்துவிடுங்கள். சான்றில் எந்த ஆர்.டி.ஓ.வுக்கு என்று குறிப்பிட வேண்டும். கோவையில் டி.என். 37, 38, 66 என்று பல அலுவலகங்கள் இருப்பதால், குடிவரப்போகும் வீடு எதன் எல்லையில் வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே விண்ணப்பியுங்கள். அதனால்தான் முதலில் வீட்டை முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

கேஸ் இணைப்பும் இப்படித்தான். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் குருகிராம் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மாற்றுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைக் காட்டினால் இங்கே புது சிலிண்டர் தருவார்கள். அடுப்பை மட்டும் லாரியில் ஏற்றுங்கள். கேஸ் நிரம்பிய சிலிண்டரைக் காரிலோ சாமான் லாரியிலோ ஏற்றவே கூடாது.

சாமான் லாரி உங்களோடு வந்து சேராது, சில நாள் பிந்தும். ஆகவே காரில் எதை வைப்பது என்று யோசித்து வையுங்கள். அசல் பத்திரங்கள், நகை, பையனின் டி.சி., மாமியாரின் மாத்திரை, போர்வை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு இண்டக்ஷன் அடுப்பு. பால் காய்ச்சும் பாத்திரமும் காரில்தான் வர வேண்டும். நல்ல நேரம் குறித்துவிட்டு, பாத்திரம் லாரியில் எங்கேயோ இருக்கிறது என்று தவித்த குடும்பங்கள் உண்டு. பின் கண்ணாடியை மறைக்கும் அளவுக்கு மட்டும் சாமான் அடுக்காதீர்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் முழுப் பாரத்துக்கென்று தனியாகக் காற்றழுத்தம் போட்டிருப்பார்கள். காலையில் டயர் சூடாவதற்கு முன்பு அந்த அளவுக்குக் காற்று அடித்துக்கொள்ளுங்கள்.

வழியைப் பற்றிக் குழம்ப வேண்டாம். சேலம் வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44, அங்கிருந்து 544. முதல் இரவு ஜான்சி, அடுத்தது நாக்பூர், பிறகு ஹைதராபாத், நான்காவது இரவு பெங்களூருக்குச் சற்று முன்பாக தேவனஹள்ளிப் பக்கம். இரண்டாம் நாள் ஓட்டம் நீளம். சிவனியைத் தாண்டினால் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய சாலை; விலங்குகள் கீழே கடந்து போவதற்காக மேம்பாலம் போல உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பையனுக்குக் காட்டலாம், அதற்காகவாவது பகலில் கடந்துவிடுங்கள். தனியார் கார்களுக்கு பாஸ்டேக் ஆண்டு பாஸ் இருக்கிறது; 2025-ல் தொடங்கியபோது 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 பயணம், எது முந்துகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கு மட்டும்தான். இந்தத் தூரத்துக்கு அது பிரயோஜனம்.

ஐந்தாம் நாள்தான் எனக்குக் கவலை. ஊர் நெருங்கிவிட்டது என்ற அவசரமும் நாலு நாள் அலுப்பும் சேர்ந்துகொள்ளும். விடியும் முன் கிளம்பி, நெரிசல் தொடங்குவதற்குள் பெங்களூரைத் தாண்டி ஓசூர் வந்துவிடுங்கள். தர்மபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் நீளமான இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகள் மேல் மோதுவது அங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. கியரைக் குறைத்து இறங்குங்கள், நியூட்ரலில் விடவே வேண்டாம், இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். மைசூரு வழியாக இறங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடும் உண்டு. சாமான் ஏற்றிய காரில் அது வேண்டாம். குமாரபாளையம் தாண்டிக் காவிரிப் பாலம் ஏறிவிட்டால் பெருந்துறை, அவினாசி என்று நல்ல சாலை. நீலாம்பூரில் பாலக்காடு போகும் பைபாஸில் ஏறிவிடாமல் அவினாசி ரோட்டிலேயே வந்து, காளப்பட்டி வழியாக சரவணம்பட்டிக்குத் திரும்புங்கள்.

இனி வீடு. போட்டோவைப் பார்த்து முழு அட்வான்ஸைக் கட்டாதீர்கள். சிறு தொகையை டோக்கனாகக் கொடுத்துவிட்டு, இங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. கோவை என்றால் சிறுவாணி என்று வெளியூரில் நினைப்பார்கள். நகரின் வடக்குப் பக்கத்துக்குப் பெரும்பாலும் பில்லூர் திட்டத்தில் பவானித் தண்ணீர்தான் வருகிறது. அதுவும் நல்ல தண்ணீர்தான், ஆனால் தினமும் வராது. "போர்ல சப்பத் தண்ணிங்க, கிச்சன்ல மட்டும் நல்ல தண்ணி லைன் தனியா இருக்குதுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் (சப்பத் தண்ணி என்றால் உப்புத் தண்ணீர்), எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, அபார்ட்மென்ட்டின் நல்ல தண்ணித் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். பாத்ரூம் குழாயின் வாயிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளையாக உப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். நகத்தால் சுரண்டினாலும் வராத படிவு என்றால் கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் பழுதாகும். நானாக இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவேன்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும். மேற்குப் பார்த்த மேல்மாடி என்றால் கதவுகளுக்கு ஸ்டாப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடியில் இங்கே யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த மாதத்தில் வாடகை பேசி முடித்து, ஆவணியில் குடிபோவது வசதி. லிப்டில் சாமான் ஏற்ற அசோசியேஷன் எந்தக் கிழமை அனுமதிக்கிறது, பராமரிப்புக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

குடியேறும் நாளன்று ஈ.பி. மீட்டரின் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். இங்கே கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் ஒரேயடியாக ஏறும். முன்பு குடியிருந்தவர் ஓட்டிய ஏ.சி.யின் யூனிட்டும் உங்கள் கணக்கில் சேர்ந்து, அந்த எல்லையைத் தாண்டிவிடக் கூடாது.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தனியாக வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆதார் முகவரி மாற்ற, கேஸ் வாங்க, ஆர்.டி.ஓ.வில் முகவரி காட்ட எல்லாவற்றுக்கும் இந்த ஒப்பந்தம் உதவும்.

பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகம். புது எண்ணுக்கான படிவம் 27, என்.ஓ.சி., ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வேண்டும். வண்டியின் வயதைக் கணக்கிட்டு ஆயுள் வரி கட்டச் சொல்வார்கள், அந்தப் பணத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள். எந்தத் தேதியில் தமிழ்நாட்டுக்குள் வந்தீர்கள் என்பதற்கு ஓசூர்ப் பக்கத்து டோல் விவரம் அத்தாட்சியாகும், பாஸ்டேக் கணக்கைப் பதிவிறக்கி வையுங்கள். புது எண் கிடைத்ததும் இன்சூரன்ஸிலும் பாஸ்டேக்கிலும் மாற்றிக்கொள்ளுங்கள். ஹரியானாவில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்க பழைய ஆர்.சி.யின் நகலும் இங்கே வரி கட்டிய ரசீதும் தேவைப்படும். ஆர்.சி.யை ஒப்படைக்கும் முன்பே இரண்டு பக்கத்தையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.