விரல் மடங்கும், விரிவதுதான் பாடு: வாதம் வந்த கைக்குக் கேள்வி பதில்

பக்கவாதம் வந்து தளர்ந்த கையைப் பற்றிக் கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறது.

கருங்கல்: அப்பாவுக்கு வலப்பக்கம் வாதம் வந்து பன்னிரண்டு நாள் ஆச்சு சார். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். கை வாழைத்தண்டு மாதிரி தொங்குது. ஒரு மண்டலம் கழிஞ்சுதான் பயிற்சி தொடங்கணும்னு சொல்லுதாங்க. சரிதானா?

மண்டலம் வரை காத்திருந்தால் நஷ்டம்தான். மூளை தன்னைத் திருத்திக்கொள்ள மும்முரமாக முயல்வது முதல் மூன்று மாதத்தில். முதல் 24 மணி நேரத்துக்குள் ஆளை எழுப்பி நிறுத்தி அதிகமாக வேலை வாங்குவதுதான் கெடுதல். 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வு அதைக் காட்டியது. உங்கள் அப்பா அந்தக் கட்டம் தாண்டிவிட்டார்.

ஆனால் தொங்குகிற கைக்கு முதலில் வேண்டியது காவல், அப்புறம்தான் பயிற்சி. தோள்மூட்டில் பந்து பெரிசு, அது உட்காரும் கிண்ணம் சின்னது, ஆழமும் இல்லை. பந்தைப் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள தசைகள். அவை தளர்ந்ததும் கையின் கனமே பந்தைக் கீழே இறக்கிவிடும். தோள் நுனி எலும்புக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள், ஒரு விரல் பதியும் பள்ளம் தட்டுப்படலாம். இப்படியிருக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும், கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதும் கூடவே கூடாது. பின்னால் வரும் தோள்வலிக்கு வித்து பல வீடுகளில் இங்கேதான் விழுகிறது. தூக்குகிறவர் ஒரு உள்ளங்கையை முதுகில் தோள்பட்டை எலும்பின்மேல் பதித்து, மறு கையால் இடுப்பைப் பிடிக்கட்டும். சட்டை போடும்போது தளர்ந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

மல்லாந்து படுத்தால் தோள்பட்டையிலிருந்து விரல் வரை நீளத் தலையணை கொடுங்கள். நல்ல பக்கம் சாய்ந்து படுத்தால் தளர்ந்த கை முன்னால் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். உட்காரும்போது முழங்கை மேசையில் இருக்கட்டும். கழுத்தில் மாட்டும் தூளி நடக்கும்போது மட்டும் போதும். நாள் முழுக்க மாட்டினால் முழங்கை மடங்கியபடியே இறுகும், கையும் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, கதவு நிலையில் கப்பி கட்டி நல்ல கையால் கயிற்றை இழுத்துத் தளர்ந்த கையை மேலே ஏற்றுகிறார்கள். அதை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். தோள்பட்டை எலும்பு கூடவே நகராமல் கை மட்டும் மேலே போனால் நடுவில் தசைநார் நசுங்கும். வீட்டார் தூக்குவதானால் உள்ளங்கை மேல்பார்த்திருக்க, தோள் உயரம் வரை, மெதுவாக.

தக்கலை: பாட்டாவுக்கு ஸ்மைலி பந்து வாங்கிக் கொடுத்தோம். மூணு மாசமா அமுக்கிட்டே இருக்காரு. இப்போ கை மூடினபடியே இருக்கு, திறக்க வரல்ல. நகம் உள்ளங்கையில குத்துது.

அந்தப் பந்தை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஆப்பிளோடு வாங்கி வரும் பொருள் அது, பெரும்பாலான வாதக் கைகளுக்கு வேண்டாதது. வாதத்துக்குப் பிறகு கையில் முதலில் திரும்புவதும், அளவு மீறி இறுகுவதும் மடக்கும் தசைகள்தான். விரிக்கும் தசைகள் பின்தங்கிவிடும். பந்தை அமுக்கினால் ஏற்கெனவே ஜெயித்த பக்கத்துக்கே மேலும் தீனி போடுகிறோம்.

மூடிய கையைத் திறக்கும்போது விரல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இன்னும் இறுகும். முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக, கீழ்நோக்கி மடக்குங்கள். மடக்கும் தசைநார்கள் தளர்ந்து விரல் தானாகக் கொஞ்சம் விடும். பிறகு பெருவிரலை அடிமேட்டோடு சேர்த்துப் பிடித்து வெளியே விலக்குங்கள். அதன் பிறகு மற்ற நான்கையும் ஒன்றாக நீட்டுங்கள். விரல் நீட்டியபடி இருக்க, மணிக்கட்டை மெல்ல நிமிர்த்துங்கள். அப்படியே ஒன்று இரண்டு நிமிடம். தினம் கையைக் கழுவி, விரல் இடுக்கு ஈரம் துடைத்து, நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

இனி பயிற்சி விடுகிற பயிற்சியாக இருக்கட்டும். கையில் சுருட்டிய துண்டைக் கொடுத்து, மேசையில் போடச் சொல்லுங்கள். எடுப்பதற்கு நீங்கள் உதவலாம், விடுவது அவர் வேலை.

தோவாளை: அம்மா பூக்கட்டுறவங்க. ரெண்டு மாசம் ஆச்சு. டம்ளரைப் பிடிப்பாங்க, கொஞ்சம் தூக்குவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்யணும்? பத்துப் பத்தா மூணு வேளை போதுமா?

போதாது. 2009-இல் அமெரிக்காவில் தெரபி அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு அமர்வில் கையை ஒரு வேலைக்குப் பயன்படுத்தியது சராசரியாக 32 தடவைதான். விலங்குகளில் மூளை மாற்றம் காட்டிய ஆய்வுகளில் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது. அடுத்த ஆண்டே, ஒரு மணி நேரத்தில் 300 தடவை மனிதர்களாலும் முடியும் என்று செய்து காட்டினார்கள். அம்மாவுக்கு 300-ஐ இலக்காக வையுங்கள். காலை, மதியம், மாலை என்று நூறு நூறாகப் பிரிக்கலாம்.

எண்ணத் தனியாக ஆள் வேண்டாம், புளியங்கொட்டை போதும். ஐம்பது கொட்டையை ஒரு கிண்ணத்தில் போடுங்கள். டம்ளரை எடுத்து ஒரு சாண் தள்ளி வைத்ததும் ஒரு கொட்டை அடுத்த கிண்ணத்துக்குப் போக வேண்டும், அதை நல்ல கை செய்யட்டும். பத்துக்கு எட்டு ஒன்பது சரியாக வந்தால் வேலையைக் கடினமாக்குங்கள்: டம்ளரில் தண்ணீர், அடுத்து உயரமான பலகை, அடுத்து எலுமிச்சை, நெல்லிக்காய். பத்துக்கு ஐந்துகூட வராவிட்டால் ஒரு படி இறங்குங்கள். பிச்சிப்பூவை விரல் நுனியால் எடுப்பது கடைசிப் படி. ஆனால் அதற்கு முன்பே பூக்கட்டும் வேலையில் உட்கார வையுங்கள். நல்ல கை முடிச்சுப் போடட்டும், தளர்ந்த கை நாரைப் பிடித்திருக்கட்டும்.

அம்மா எட்டி எடுக்கும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். முழங்கை நீள்கிறதா, முதுகு முன்னால் சாய்கிறதா? பெரும்பாலும் முதுகுதான் சாயும், தோள் காதுப்பக்கம் ஏறும். டம்ளர் வந்துவிடும், ஆனால் முழங்கை ஒன்றும் கற்றிருக்காது. நீளத் துண்டு ஒன்றை மார்பைச் சுற்றி நாற்காலி முதுகோடு கட்டிவிடுங்கள், மூச்சு முட்டாத அளவுக்கு. அப்போது கை நீண்டே ஆக வேண்டும். எண்ணிக்கை பாதியாகக் குறையும். குறையட்டும்.

முட்டம்: அப்பா கடலுக்குப் போறவரு. எட்டு மாசம் ஆச்சு. மணிக்கட்டும் விரலும் கொஞ்சம் நிமிருது. ஆனா எதுக்கும் நல்ல கையத்தான் நீட்டுவாரு. நல்ல கையைக் கட்டிப்போட்டா வாதக் கை வேலை செய்யும்னு கேள்விப்பட்டோம்.

கேள்விப்பட்டது உண்மை. ஆனால் கட்டுவது அதில் பாதிதான். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் எட்வர்ட் டாப் உருவாக்கிய முறை இது. 2006-இல் வெளியான எக்ஸைட் ஆய்வில், வாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேர் கலந்துகொண்டார்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறை, வாரநாட்களில் ஆறு மணி நேரம் வரை பயிற்சி. வழக்கமான சிகிச்சையை விட நல்ல பலன் கிடைத்தது.

இதற்கு நுழைவுத் தகுதி உண்டு. மணிக்கட்டும் பெருவிரலும் இன்னும் இரண்டு விரலும் தானாகக் குறைந்தது 10 டிகிரி நிமிர வேண்டும். அதுகூட வராத ஆளுக்கு நல்ல கையையும் பூட்டினால் கோபமும் அழுகையும்தான் மிஞ்சும். உங்கள் அப்பாவுக்கு வருகிறது என்பதால் முயலலாம், நேரில் ஒருமுறை அளந்து பார்த்தபின்.

வீட்டில் ஆறு மணி நேரம் நடக்காது. நல்ல கைக்கு ஓவன் பாத்திரம் பிடிக்கும் தடித்த உறை ஒன்றைப் போட்டு, வாரநாட்களில் ஐந்து மணி நேரம், பத்து வாரம் என்று மெதுவான வடிவமும் இருக்கிறது. உறைதான் வேண்டும், கயிறு கட்டக் கூடாது. தடுமாறினால் நல்ல கை ஊன்ற வேண்டுமே. குளியலறை, படி, அடுப்பு, மணற்பரப்பில் நடை, இந்த இடங்களில் உறையைக் கழற்றிவிட வேண்டும். வள்ளம் பக்கம் இப்போதைக்குப் பேச்சே வேண்டாம். உறை போட்ட நேரத்தில் சும்மா டிவி பார்த்தால் பயனில்லை. பழைய வலையைப் பரப்பிக் கண்ணியை விரலால் பிரிக்கட்டும், மிதவையைக் கோத்து எடுக்கட்டும். வலை ஊசி கைக்குத் தெரிந்த சாமான், பிளாஸ்டிக் கட்டைகளைவிட அதில் மனசு நிற்கும்.

அருமனை: அண்ணனுக்கு ஆறு வாரம். விரல் ஒண்ணுகூட அசையல்ல. என்ன செய்யலாம்? கை திரும்புமா?

இரண்டாவது கேள்விக்கு மழுப்பாமல் சொல்கிறேன். நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், முதல் 72 மணி நேரத்தில் தோளைப் பக்கவாட்டில் தூக்கவும் விரலைச் சற்றே நீட்டவும் முடிந்தவர்களுக்கு ஆறாம் மாதத்தில் ஓரளவாவது கைத்திறன் திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25 சதவீதம். ஆறு வாரத்திலும் விரலில் அசைவே இல்லையென்றால் நுண்ணிய வேலைகளுக்கு வாய்ப்பு குறைவு. அதற்காகக் கையை விட்டுவிட முடியாது. வலியில்லாமல், இறுகாமல், காகிதத்தை அழுத்திப் பிடிக்கும் கையாக இருந்தால்கூட அன்றாட வாழ்க்கை வேறு.

அசைவே இல்லாத கைக்குக் கண்ணாடிப் பயிற்சி செய்யலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் மாயவலிக்குக் கண்டுபிடித்த உத்தி, பிறகு வாதத்துக்கு வந்தது. முழங்கை முதல் விரல் வரை காட்டும் அளவுக்கு ஒரு கண்ணாடி, விளிம்பில் டேப் ஒட்டி. மேசையில் உடம்புக்கு நேர் நடுவே நிறுத்தி, தளர்ந்த கையைப் பின்னால் மறைத்து வையுங்கள். நல்ல கையில் மோதிரம், வாட்ச், கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். பிம்பத்தில் அவை தெரிந்தால் 'இது என் இந்தக் கை இல்லை' என்று மூளை கண்டுகொள்ளும். நல்ல கை மெதுவாக விரித்து மூடட்டும், மணிக்கட்டை நிமிர்த்தட்டும். கண் பிம்பத்திலேயே இருக்க, மறைந்த கையும் அதையே செய்ய முயல வேண்டும். அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள், நான்கு வாரம். பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் வீண். தலை சுற்றினால் பத்து நிமிடத்தில் நிறுத்துங்கள்.

திருவட்டாறு: ஆசான்கிட்ட வர்ம சிகிச்சையும் எண்ணெய்ப் பிழிச்சலும் செய்யலாமா? கேட்டா டாக்டர்மார் திட்டுதாங்க.

ஆசான் வாசலில் நிற்காத குடும்பம் இந்த மாவட்டத்தில் குறைவு, கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. திட்டி என்ன ஆகப்போகிறது? மெல்லிய எண்ணெய்த் தடவல் தோலுக்கு நல்லது, இறுக்கமும் சற்று இளகும். ஆனால் தடவலால் மூளை எதையும் கற்காது. படுத்திருப்பவருக்குப் பிறர் செய்வது அது, எனவே மேலே சொன்ன 300-ல் ஒன்றுகூடக் குறையாது.

மூன்று விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். தோளை இழுத்துச் சொடுக்கு எடுக்கக் கூடாது. சூட்டுக்கிழி வைப்பதானால் முதலில் நல்ல கையில் வைத்துப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த கை சுட்டாலும் சொல்லாது, கொப்பளம் வந்தபின்தான் தெரியும். பிரஷர், சர்க்கரை, ரத்தம் உறையாதிருக்கும் மாத்திரைகளைப் பத்தியம் என்ற பெயரில் நிறுத்தவே கூடாது. இரண்டாவது வாதம் அந்த இடைவெளியில் வரலாம்.

குளச்சல்: அம்மச்சிக்குக் கையின் மேல்புறம் வீங்கி, பளபளன்னு சிவந்து இருக்கு. தொட்டாலே அலறுதாங்க. பயிற்சியைத் தொடரலாமா?

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தக்கட்டு, தெரியாமல் போன எலும்பு முறிவு, புண் தொற்று எதுவும் இல்லை என்று உறுதியாக வேண்டும். அவை இல்லையென்றால் இது தோள்-கை வலி நோயாக இருக்கலாம், முதல் சில மாதங்களில் வருவது. சீக்கிரம் மருந்து தொடங்கினால் அடங்கும், விட்டால் விரல் விறைத்துப்போகும். கையை நெஞ்சு உயரத்தில் தலையணைமேல் வையுங்கள். வலி தாங்கும் எல்லைக்குள் அசைவு தொடரட்டும். அந்தக் கையில் டிரிப் ஊசி குத்த விடாதீர்கள்.

மார்த்தாண்டம்: இறுக்கத்துக்கு போட்டாக்ஸ் ஊசி போடலாம்னு சொன்னாங்க. பாக்லோஃபென் மாத்திரையும் எழுதியிருக்காங்க. கரண்ட் வைக்கிற மெஷினும் வாங்கலாமா?

ஊசி ஒன்றிரண்டு வாரத்தில் பிடித்து, சுமார் மூன்று மாதம் நிற்கும். அது கையைத் தளர்த்தும், திறமை தராது. அந்த மூன்று மாதத்தில் விரிக்கும் பயிற்சி நடக்காவிட்டால் பணம் போனதுதான் மிச்சம். பாக்லோஃபென் தூக்கமும் தளர்ச்சியும் தரும். வேண்டாமென்றால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இறுக்கம் திடீரென்று கூடினால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், கால் நகச்சுற்று இருக்கிறதா பாருங்கள். காரணம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மெஷின் வாங்குவதானால் வலிக்கு வைக்கும் டென்ஸ் வேறு, தசையைத் தூண்டுவது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஒட்டுப்பட்டையை முன்னங்கையின் முதுகுப்புறம் ஒட்ட வேண்டும், மணிக்கட்டு கண்ணுக்குத் தெரிய நிமிர வேண்டும். நிமிரும்போது அவரும் சேர்ந்து நிமிர்த்த முயல வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் கூடாது.

சுசீந்திரம்: மூளைக்கு வலு தரும் மாத்திரைன்னு மாசம் இரண்டாயிரத்துக்கு வாங்குதோம். நிறுத்தலாமா?

எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு நிறுத்துங்கள். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவோக்ஸெடின் மாத்திரை கையை மீட்கும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. 2018-இல் 3127 பேரிடம் நடந்த ஃபோகஸ் ஆய்வில் பலன் இல்லை, எலும்பு முறிவுதான் கூடியது. இதே நம்பிக்கையில் எழுதப்படும் சிட்டிகோலினும் பெரிய ஆய்வில் தேறவில்லை. மனச்சோர்வு இருந்தால் அதற்கான மாத்திரை வேறு கணக்கு, அதை விடக் கூடாது.

பேச்சிப்பாறை: ரப்பர் பால் வெட்டுற தொழில். சித்தப்பாவுக்கு ஒண்ணே கால் வருஷம் ஆச்சு. ஆசாரிபள்ளத்துக்கு வாரம் மூணு தடவை வர பஸ்ஸுக்கே காசு போதாது. வீட்டிலேயே நாங்க பார்த்தா போதாதா? வேலைக்குத் திரும்ப முடியுமா?

வீட்டார் மட்டும் போதுமா என்று நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் பார்த்தார்கள், 2017-இல் வெளியான அட்டெண்ட் ஆய்வு. வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்ததால் ஆறாம் மாதத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே வீட்டுப் பயிற்சி தினமும் நடக்கட்டும், ஆனால் தெரபிஸ்ட் ஒருவர் மாதம் ஒருமுறையாவது பார்த்து வேலையின் கடினத்தைக் கூட்டியாக வேண்டும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு மாதம் ஒருமுறை வாருங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

ஒன்றேகால் வருடம் என்பதால் வாசல் அடைபட்டுவிடாது, வேகம்தான் குறையும். வெட்டுக்கத்தி இப்போது வேண்டாம். அது இருட்டில், சரிவில், இரண்டு கையும் ஒரே அளவில் அழுத்தும் வேலை. கத்தி ஒரு நூல் ஆழம் போனால் மரமும் கெடும். விடிந்தபின் சமதளத்தில் நிற்கும் பத்து மரத்தை மட்டும் கொடுங்கள். கம்பியிலிருந்து சிரட்டையை வாதக் கையால் எடுத்து, வாளியில் கவிழ்த்து, திரும்ப மாட்டட்டும். முதல் வாரம் வெறும் சிரட்டை, பால் இல்லாமல். பத்தில் எட்டு சிந்தாமல் மாட்ட வந்ததும் அடுத்த பத்து மரம்.