கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காதா?

கேள்வி: தோப்பில் பெங்களூரா மாங்காய் பறிக்கும்போது கிளை முறிந்து ஒரு குருவிக்கூடு விழுந்துவிட்டது. மூன்று குஞ்சுகள், உடம்பில் இறகே இல்லை. மனுஷ வாடை பட்டால் தாய் சேர்க்காது, தொடாதே என்கிறார் மாமியார். துணியால் எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இதழ் அச்சாகும்வரை அவை தாங்காது என்பதால் போனிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.

தாராளமாகக் கையால் தொடலாம் அம்மா. வாடை கதையை என் ஆயாவும் சொல்வார். ஆனால் பாலக்கோட்டில் கோழிக்கு வாத்து முட்டையை அடை வைத்தவரும் அவர்தான். கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும், வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும். ஆயா கை பட்ட முட்டை என்று ஒதுக்காமல், அந்தக் கோழி மேலும் ஒரு வாரம் சளைக்காமல் உட்கார்ந்தது. பொரித்த குஞ்சுகள் அதன் பின்னாலேயே திரிந்தன. ஒருநாள் ஏரியைப் பார்த்ததும் அத்தனையும் தண்ணீரில் இறங்கிவிட, கோழி கரையில் ஓடி ஓடிக் கத்தியது. ஆயா கம்பை எடுத்துக்கொண்டு வாத்துகளைத் திட்டினார்.

வாத்துக் குஞ்சு கண் திறந்தே பிறக்கும். முதலில் கண்ட நடமாடும் உருவம்தான் அதற்குத் தாய். பெருவாத்துக் குஞ்சுகள் தன் பின்னாலேயே நடப்பதை ஆராய்ந்த விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ், 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் (தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு) உங்களுடையது கொண்டைக்குருவி. அதன் குஞ்சு கண் மூடி, வெற்றுடம்போடு பிறக்கும். கூடு அசைந்தாலே வாயைப் பிளக்கும். கூடு இருந்த இடத்தில் திறந்த வாய் தெரிந்தால் தாயும் தகப்பனும் இரை ஊட்டும். காகம் குயில் குஞ்சை வளர்ப்பதும் இப்படி ஏமாந்துதான்!

ஆகவே, சின்னக் கூடையிலோ அடியில் ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டையிலோ பழைய கூட்டை வைத்து, அதே மரத்தில், வெயில் படாத கிளையில் கட்டுங்கள். அப்புறம் தள்ளிப் போய்விடுங்கள். பக்கத்திலேயே நின்று எட்டிப் பார்த்தால் தாய் வராது.

இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு என்றால் கூட்டில் வைக்கவே வேண்டாம். அது பறக்கப் பழகுகிறது, பெற்றவை கீழேயே வந்து ஊட்டும். பூனையை மட்டும் விரட்டுங்கள்.

இன்னொன்று, வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். உங்கள் பையன் ஸ்பூனோடு நின்றான் என்றீர்களே, அவனிடம் சொல்லுங்கள்.