நைசியாவில் ஓட்டுப் போட்டார்களா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: நான்கு நற்செய்திகளில் பழையது எது?

மாற்கு. கி.பி. 70-ஐ ஒட்டி. பவுலின் கடிதங்கள் அதற்கும் முந்தியவை. தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் கடிதம் 50 வாக்கில் வந்துவிட்டது.

கேள்வி: கும்ரான் சுருள்களில் இயேசு பற்றிய குறிப்பு எந்தச் சுருளில்?

எதிலும் இல்லை. சாக்கடலோரம் கும்ரானில் கிடைத்த அவை யூதச் சமயச் சுருள்கள். இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டு, எண்ணை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: மான்செஸ்டரில் இருக்கும் யோவான் நற்செய்தித் துண்டு கி.பி. 125-ஐச் சேர்ந்தது என்பது உறுதிதானா?

இல்லை. ரைலண்ட்ஸ் நூலகத்தின் அந்தப் பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். உயரம் 9 செ.மீ., அகலம் 6 செ.மீ. இருபுறமும் பிலாத்துவின் விசாரணைப் பகுதி. இருபுறமும் எழுத்து இருப்பதால் சுருளல்ல, புத்தகத் தாள். தேதி எதுவும் அதில் இல்லை. எழுத்தின் சாயலை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். 1935-இல் இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி என்றார்கள். மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரைகூட இழுக்கலாம் என்பவர்கள் இன்று இருக்கிறார்கள். இதையும் மறக்காதீர்கள்: படியின் (நகலின்) வயது வேறு, நூலின் வயது வேறு.

கேள்வி: 325-இல் நைசியாவில் 80 நற்செய்திகளில் நான்கை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்களாமே? ஒரு வீடியோவில் பார்த்தேன்.

எந்த வீடியோ, அது எந்த ஆவணத்தைக் காட்டியது? இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. ஒருவர்கூட ஆதாரம் இணைப்பதில்லை. நைசியாவில் ஆயர்கள் சங்கமாகக் கூடியது, இயேசு கடவுளால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனை பற்றிய தகராறைத் தீர்க்க. ஈஸ்டர் நாளையும் பேசினார்கள். அவர்கள் இயற்றிய 20 விதிகள் நம் கையில் இருக்கின்றன. மதம் மாறியவர்களை அவசரமாக ஆயராக்காதே, குருக்கள் வட்டிக்கு விடாதே, ஞாயிறன்று முழந்தாளிடாதே என்கின்றன. வேதநூல் பட்டியல் என்று ஒரு வரி கிடையாது. நூல்களைப் பீடத்தில் வைத்தார்கள், போலிகள் கீழே போயின என்ற கதை சங்கம் நடந்து ஐந்து நூற்றாண்டுக்குப் பிறகு எழுந்தது.

நான்கு நற்செய்திகள்தான் என்று லியோன் ஆயர் இரேனேயுஸ் 180 வாக்கிலேயே வாதாடிவிட்டார். மறுபக்கம், நைசியாவில் எல்லாம் முடிந்திருந்தால் அதற்குப் பின் எழுதப்பட்ட சினாய் கையெழுத்துப்படி என்ற பழைய கிரேக்க வேதாகமத்தில், இன்று வேதாகமத்தில் இல்லாத பர்னபா கடிதமும் எர்மாவின் ‘மேய்ப்ப’னும் எப்படி இடம்பிடித்தன? புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 நூல்களை மட்டும் வரிசையிடும் பட்டியலை அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸின் கடிதத்தில்தான் முதன்முதலில் காண்கிறோம், ஆண்டு 367. சிரிய மொழி வேதாகமமான ‘பெஷித்தா’வில் அதன் பிறகும் 22 நூல்களே. பேரரசர் கான்ஸ்டன்டைன் ஒரே நாளில் உத்தரவிட்டார் என்று சொல்லும்போது, பல நூற்றாண்டு ஓதியும் படியெடுத்தும் தகராறு செய்தும் இந்தத் தொகுப்பை உருவாக்கிய மனிதர்கள் அத்தனை பேரையும் அழித்துவிடுகிறோம். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

கேள்வி: மாற்கு 16:9–20 ஏன் அடைப்புக்குறிக்குள்?

பழைய கிரேக்க வேதாகமப் படிகளான சினாய், வத்திக்கான் இரண்டும் 8-ஆம் வசனத்தோடு, பெண்கள் அஞ்சி ஓடுவதோடு முடிகின்றன. ஆனால் இரேனேயுஸ் 19-ஆம் வசனத்தை மேற்கோள் காட்டுகிறார். ஆகவே பின்சேர்க்கைதான், ஆனால் மிகப் பழைய பின்சேர்க்கை. படியின் வயது வேறு என்று மேலே சொன்னது இங்கும் பொருந்தும்.

கேள்வி: தோமா நற்செய்தியில் சிலுவை மரணம் எப்படி வருகிறது?

வராது. அதில் கதையே இல்லை. வேதாகமத்தில் சேராத அந்த நூலில் இயேசுவின் 114 வாக்குகள் மட்டும். கேட்குமுன் ஒருமுறை படித்துவிடுங்கள், அரைமணி நேரம் போதும்.