அக்கா பதில்கள்: குடில் பக்கத்துல ஒரு கிரைண்டர்

கிறிஸ்மஸ் முடிஞ்சு முறுக்கு டப்பா காலியாகறதுக்குள்ள எனக்கு புகார் வர ஆரம்பிச்சுடும். இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல புருஷன் பொண்டாட்டி கிஃப்ட் சண்டைதான். எங்க காலத்துல பாளையங்கோட்டைல கிறிஸ்மஸ்னா துணி எடுக்கறது, டெய்லர் கடைக்கு நடையா நடக்கறது, 24ஆம் தேதி ராத்திரி பத்து மணி வரைக்கும் ஜாக்கெட் வராம தவிக்கிறது, அவ்ளோதான். இந்த சர்ப்ரைஸ் எல்லாம் ஸ்கூல்லயும் ஆபீஸ்லயும் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்னு சீட்டு எடுத்து, பேர் வந்தவங்களுக்கு ரகசியமா கிஃப்ட் குடுத்து விளையாடி அப்படியே வீட்டுக்குள்ள வந்துருச்சுன்னு நினைக்கிறேன். சரி, கேள்விக்கு வருவோம்.

கேள்வி: அக்கா, கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம். டிசம்பர் ஒண்ணாம் தேதி ஸ்டார் கட்டுன அன்னைக்கே "உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. நானும் வளையலா இருக்குமோ வாட்சா இருக்குமோன்னு மனசுல கோட்டை கட்டி வச்சிருந்தேன். விடியக்காலம் ஆராதனை முடிஞ்சு வந்து, குடில் பக்கத்துல இருந்த பெரிய பெட்டிய பிரிச்சா டேபிள் டாப் கிரைண்டர். அத்தை பக்கத்துலயே நின்னாங்க, "இனி இட்லி பஞ்சு மாதிரி வரும்"னு ஒரே சந்தோஷம் அவங்களுக்கு. நான் சிரிச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். பழைய கிரைண்டர் ரிப்பேர்னு நான்தான் ஒருநாள் சொன்னேன், அப்போ தப்பு என் மேலதானா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: உன் மேல என்னம்மா தப்பு. நீ சொன்னது அவரு காதுல விழுந்திருக்கு, பல வீட்டுல அதுவே நடக்காது. ஆனா கிரைண்டர் ரிப்பேர்ங்கறது வீட்டோட குறை, உன்னோட ஆசை இல்ல. ட்யூப்லைட் போச்சுன்னா மாத்துறோம், அதுக்கு ரிப்பன் கட்டி குடில் பக்கத்துலயா வைக்கிறோம்? அவரு வீட்டுக்கு ஒரு சாமான் வாங்கி அதுல உன் பேர எழுதிட்டாரு, அவ்ளோதான் நடந்தது. கிரைண்டர நான் குறை சொல்ல மாட்டேன், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடே வாங்குனது, நம்ம வீட்டு தோசைக்கெல்லாம் அதுதான் தெய்வம். அதுக்காக அது வளையல் ஆயிடுமா!

என் கதைய கேளு. எங்க வீட்டுக்காரர் ஒரு கிறிஸ்மஸுக்கு எனக்கு மூணு லிட்டர் குக்கர் வாங்கிக் குடுத்தாரு. நான் வாயே திறக்கல, பெரிய மனுஷி மாதிரி "நல்லாருக்குங்க"ன்னுட்டு அதுலயே தினம் பருப்பு வேகவச்சேன். ஆகஸ்ட் மாசம் கரண்ட் பில் கட்ட மறந்ததுக்கு சண்டை, அதுல எங்கிருந்தோ அந்த குக்கர் வெளிய வந்துருச்சு, நான் அழுது தீர்த்து முடிச்சப்புறம் அவரு மெதுவா கேட்டாரு, "எந்த குக்கர்?" எட்டு மாசம் நான் சுமந்தது அந்த மனுஷனுக்கு ஞாபகம்கூட இல்ல.

அதனால நீ ஆகஸ்ட் வரைக்கும் வச்சிருக்காத. அத்தை முன்னாடி வேண்டாம், ராத்திரி பிள்ளைங்க தூங்குனப்புறம் "இது வீட்டுக்கு வாங்குனது, எனக்குன்னு நீங்க இன்னும் வாங்கல"ன்னு சொல்லு. அதோட நிறுத்தாம என்ன வேணும்னும் சொல்லிடு. "உங்களுக்கே தெரியணும்"னு விட்டேன்னா அடுத்த வருஷம் ஏர் ஃப்ரையர் வரும், எழுதி வச்சுக்கோ. இன்னொண்ணு, சனிக்கிழமை மாவாட்டுற வேலைய அவர்கிட்ட விடு. உளுந்த முதல்ல போட்டு, தண்ணி தெளிச்சு தெளிச்சு பொங்க ஆட்டி, வழிச்சு, அப்புறம் அரிசி போட்டு, கடைசியா அந்த கல்ல தூக்கிக் கழுவட்டும். கழுவி முடிச்சதும் அவருக்கே புரியும், குடில் பக்கத்துல எத கொண்டுவந்து வச்சோம்னு.

கேள்வி: ஆஃபர்ல ஒரே டிசைன்ல மூணு பட்டுச்சேலை கிடைச்சுது, கலர் மட்டும் லேசா வித்தியாசம். அம்மாவுக்கு, தங்கச்சிக்கு, மனைவிக்கு ஆளுக்கு ஒண்ணு. யாருக்கும் பாரபட்சம் காட்டலையே, ஆனா நடுராத்திரி பூசைல இருந்தே மனைவி பேசல. என்ன தப்பு பண்ணேன்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: தம்பி, மூணு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தா பாடகர் குழு யூனிஃபார்ம்னு சாமியாரே நினைச்சிருப்பாரு. பாரபட்சம் காட்டாததுதான் நீங்க பண்ண தப்பு. வருஷத்துல ஒரு நாள் அந்தப் புள்ள எதிர்பார்த்ததே அந்த பாரபட்சத்ததான். ஃபால்ஸ் அடிக்காம, ஜாக்கெட் பிட்ட வெட்டாம இருந்திருந்தா கடைல மாத்தித் தந்திருப்பாங்க, கட்டி பூசைக்கே போயாச்சு, இனி பேச்சே இல்ல. ஓடிப்போய் நாலாவது சேலை எடுத்துட்டு வராதீங்க. அவங்கள மட்டும் தனியா கூட்டிட்டுப் போய், அவங்களே எடுக்கட்டும், எத்தனை மணி நேரம் ஆனாலும் வாட்ச பாக்காதீங்க. "அம்மாவையும் கூட்டிட்டுப் போலாமா"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க சாமி.

கேள்வி: பேசாம 5,000 ரூபாய ஜிபே பண்ணிட்டா இந்தத் தொல்லையே இல்லையே? நான் அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், கணக்கா பாத்தா அதுதான் சரின்னு தோணுது.
— வாசகர், மதுரை

பதில்: உங்களுக்கு துணைக்கு ஒரு ஆள் இருக்காரு. ஜோயல் வால்ட்ஃபோகல்னு ஒரு அமெரிக்க பொருளாதார அறிஞர், 1993ல கிறிஸ்மஸ் கிஃப்ட பத்தி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிட்டாரு. மாணவர்கள்கிட்ட உனக்கு வந்த பொருளுக்கு உன் மனசுல என்ன விலைன்னு கேட்டுப் பாத்ததுல, குடுத்தவங்க செலவு பண்ணதவிட பத்துல ஒரு பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் குறைஞ்சு போச்சாம். ஆனா முழுசா படிங்க. மனசுக்கு நெருக்கமானவங்க குடுத்ததுல இந்த நஷ்டம் கம்மி, தாத்தா பாட்டி, சித்தப்பா மாதிரி சொந்தக்காரங்க குடுத்ததுலதான் ஜாஸ்தி. அதுவும் போக, பாசத்துக்கு உண்டான மதிப்ப ஒதுக்கி வச்சுட்டு விலை சொல்லுங்கன்னுதான் அவரு கேட்டதே. நீங்க அத ஒதுக்கி வச்சுட்டு வீட்டுல போய் பேசிப் பாருங்களேன்!

கணக்குல இன்னொண்ணு, மனைவிக்குக் குடுக்கற பணத்துக்கு அவங்க வரி கட்ட வேண்டாம், ஆனா அத பேங்க்ல போட்டு வர்ற வட்டி உங்க வருமானத்துலதான் சேரும். இது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்.

கேள்வி: நான் பதினோரு மாசம் நகைச்சீட்டு கட்டுனேன். அது முடிஞ்ச கையோட, எனக்குத் தெரியாம வீட்டுக்காரர் சீட்டு கார்ட எடுத்துட்டுப் போய் ஒரு கம்மல் வாங்கிட்டு வந்து "கிறிஸ்மஸ் கிஃப்ட்"ங்கறாரு. என் காசு, டிசைனும் பிடிக்கல. மாத்தலாமா?
— வாசகி, சென்னை

பதில்: உன் காச எடுத்து உனக்கே கிஃப்டா! நல்ல தைரியம்தான். மாத்தணும்னா இன்னைக்கே போ, பில்ல எடுத்துக்கோ. இத்தனை நாளுக்குள்ள வந்தா மாத்தலாம்னு கடைக்கு கடை ஒரு கணக்கு இருக்கும், அத தாண்டிட்டா பழைய நகை கணக்குல போயிடும். அப்போ தங்கத்துக்கு மட்டும்தான் விலை, சேதாரம், செய்கூலி எல்லாம் போச்சு, புதுசுக்கு திரும்பவும் சேதாரம், மேல ஜிஎஸ்டி. போகும்போது 916 முத்திரையோட ஹெச்யுஐடி, அதான் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா எழுத்தும் நம்பரும் கலந்து ஆறு இலக்கத்துல போடற அடையாளக் குறி, இருக்கான்னும் பாத்துக்கோ, 2023 ஏப்ரல்ல இருந்து அது இல்லாம ஹால்மார்க் நகைய விக்கக் கூடாது. இத்துனூண்டு கம்மல்ல கண்ணுக்குத் தெரியாது, கடைல லென்ஸ் கேளு. அவரையும் கூடவே கூட்டிட்டுப் போ, மேல ஆகற காச அவரு குடுக்கட்டும், அப்பதான் அது கிஃப்ட்.

கேள்வி: புருஷன் பொண்டாட்டிக்குள்ள எதுக்கு கிஃப்ட்? பைபிள்ல இருக்கா?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: யாருக்கோ வாங்க மறந்துட்டீங்க போல. புருஷன் பொண்டாட்டி கிஃப்ட் இல்ல, ஆனா மத்தேயு ரெண்டாம் அதிகாரத்துல சாஸ்திரிகள் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் கொண்டுவந்து வைக்கிறாங்க. வெள்ளைப்போளம் பிரேதத்துக்குப் போடறது, யோவான்ல இயேசுவ அடக்கம் பண்ண நிக்கொதேமு கொண்டுவர்றதும் அதுதான். பிள்ளை பெத்த வீட்டுக்கு அத கொண்டுவந்தா நம்ம ஊர் மாமியார் சும்மா விடுவாங்களா? மரியாள் என்ன சொன்னாங்கன்னு மத்தேயு எழுதல. அந்த சாஸ்திரிகளைத்தான் மூணு ராஜாக்கள்னு சொல்றோம், அவங்க திருநாள் ஜனவரி 6, நீங்க இன்னும் லேட் ஆகல.

கேள்வி: மனைவி எனக்கு எடை பாக்கற மெஷின் கிஃப்ட் குடுத்தாங்க. இதுக்கு என்ன அர்த்தம்?
— வாசகர், கோவை

பதில்: ஏறி நின்னு பாத்தீங்களா?