கிளாஸ் லோடர் வேலை என்றால் ஓடிவிடாதே தம்பி

தம்பி, உன் மெயிலைப் பார்ப்பதற்கு முன்பே உன் அப்பா திருச்சியிலிருந்து போன் போட்டு அரை மணி நேரம் புலம்பித் தீர்த்துவிட்டார். கூடப் படித்தவர்களெல்லாம் ஏஐ பக்கம் போய்விட, உன்னை மட்டும் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு பழைய ஜாவா மென்பொருளில், ப்ளக்-இன்னுக்குள் (தனியாகச் சேர்க்கும் துணைப் பகுதி) ஓடும் க்ரூவி ஸ்கிரிப்டுக்கு (ஜாவாவோடு ஓடும் மொழியில் எழுதிய சின்ன நிரல்) கிளாஸ், அதாவது நிரலின் ஒரு துண்டு, கிடைக்கவில்லை என்று வரும் எரரைத் துரத்த விட்டிருக்கிறார்கள். விட்டுவிட்டு மாரத்தஹள்ளியில் ஏதாவது கோர்ஸில் சேரட்டுமா என்கிறாய். வேண்டாம். ஆறு மாதமாவது இரு.

அந்த கோர்ஸ்களில் சொல்லித்தருவது ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல்) எழுதுவது. அது தெரிந்தவர்கள் பெங்களூரில் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். அடியில் ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் ஒரு கிளாஸை எந்த கிளாஸ் லோடர் (கிளாஸைத் தேடி ஏற்றித் தரும் பகுதி) மூலம், எங்கிருந்து எடுக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் பூட்ஸ்ட்ராப், பிளாட்ஃபார்ம், அப்ளிகேஷன் என்று மூன்று லோடர்களின் பெயரை ஒப்பித்துவிட்டு விழிக்கிறார்கள்.

உன் சிக்கல் அதற்கும் மேலே. சாதாரண அப்ளிகேஷனில் லோடர் முதலில் தன் பேரன்ட்டை, அதாவது தனக்கு மேலே உள்ள லோடரை, கேட்கும், அங்கே இல்லையென்றால் தானே தேடும், அவ்வளவுதான். நீ சொல்லும் ஓஎஸ்ஜிஐ மென்பொருளைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கும் முறை; அதில் பண்டில் எனும் ஒவ்வொரு துண்டுக்கும் தனி லோடர், இம்போர்ட் செய்யாத பேக்கேஜை (கிளாஸ்களின் தொகுப்பு) அது எட்டிக்கூடப் பார்க்காது. நிரல் எழுத உதவும் எக்லிப்ஸ் 2004இல் 3.0 வந்ததிலிருந்து இந்த அடித்தளத்தில்தான் ஓடுகிறது. ஆனால் ஸ்கிரிப்ட் எழுதும் வாடிக்கையாளர் நாளைக்கு எந்த கிளாஸைக் கூப்பிடுவார் என்று பண்டிலை பில்ட் செய்யும் அன்று யாருக்குத் தெரியும்? பண்டிலின் விவரக் கோப்பில் டைனமிக்இம்போர்ட்-பேக்கேஜ் என்ற வரியில் ஒரு நட்சத்திரம் (எல்லாம் என்று பொருள்) போடு, எரர் போய்விடும் என்று யாராவது சீனியர் சொல்வார். போகும்தான், மாட்யூலாகப் பிரித்ததன் பலனும் சேர்ந்து போகும். அதற்குப் பதில், ஸ்கிரிப்டை ஓடச் சொன்ன ப்ளக்-இன்னின் லோடரை ஸ்கிரிப்டை ஓட்டும் க்ரூவிஷெல்லுக்கு பேரன்ட்டாகக் கொடு. இரண்டு மூன்று ப்ளக்-இன் தேவைப்பட்டால் அவற்றை வரிசையாகக் கேட்கும் ஒரு சின்ன லோடரை நீயே எழுது, க்ரூவியின் சொந்த கிளாஸ்களும் அந்த வரிசையில் இருக்கட்டும், அதை மறந்தால் அடுத்த எரர் அங்கேதான் வரும். த்ரெட் கான்டெக்ஸ்ட் லோடரை (ஓடிக்கொண்டிருக்கும் வேலையோடு ஒட்டியிருக்கும் லோடர்) மாற்றினால், எரர் வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதியில் பழையதைத் திரும்ப வைத்துவிடு.

ஆர்டர் என்ற கிளாஸில் உருவானதை அதே ஆர்டராக காஸ்ட் செய்ய (அந்த வகையாக எடுத்துக்கொள்ள) முடியாது என்றும் ஒரு எரர் வரும், தலை சுற்றும். எம். கார்த்திக்கும் எஸ். கார்த்திக்கும் ஒரே ஆளா? ஜேவிஎம்முக்கு கிளாஸின் பெயரோடு அதை ஏற்றிய லோடரும் சேர்ந்தால்தான் அடையாளம்.

அப்புறம் மெமரி. க்ரூவி ஸ்கிரிப்டை பார்ஸ் செய்யும் (படித்து ஓடும் வடிவாக்கும்) ஒவ்வொரு முறையும் புது கிளாஸ் பிறக்கிறது. அதனால் அதை கேஷ் செய்யத்தான் (சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்தத்தான்) வேண்டும், ஆனால் ப்ளக்-இன்னை நிறுத்திய பிறகும் அந்த கேஷ் பழைய கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதன் லோடர் முழுசும் உள்ளேயே கிடக்கும், கிளாஸ் விவரங்கள் இருக்கும் மெட்டாஸ்பேஸ் என்ற மெமரிப் பகுதி நிரம்பி ஒருநாள் சர்வர் படுத்துவிடும். அன்றைக்கு ஹீப் டம்ப் (மெமரியின் நகல்) எடுத்து யார் பிடித்து வைத்திருக்கிறார் என்று காட்டுபவனை டீமில் யாரும் மறக்க மாட்டார்கள், அப்ரைசலிலும் அது தெரியும்.

பழைய தொழில்நுட்பம் என்ற பயம் நியாயம்தான். ஜாவா 8இல் வந்த, ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நாஸ்ஹார்ன் இன்ஜினையே ஜாவா 15இல் தூக்கிவிட்டார்கள். அதனால் ரெஸ்யூமேயில் கருவியின் பெயரை முன்னால் வைக்காதே, தீர்த்த சிக்கலை வை. மென்பொருளைத் தானாக பில்ட் செய்யும் ஜென்கின்ஸிலும் ப்ளக்-இன்னுக்குத் தனி லோடர், ஸ்கிரிப்டுக்கு க்ரூவி; நாளைக்கு டெவ்ஆப்ஸ் (மென்பொருளை வெளியிட்டு இயக்கும் வேலை) பக்கம் போனாலும் இது கைகொடுக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை செய். இரண்டு பண்டில், ஒரு ஸ்கிரிப்ட், அந்த எரர் மட்டும் வரும்படி சின்ன ப்ராஜெக்ட் ஒன்று உன் சொந்த லேப்டாப்பில் போடு, கம்பெனி கோட் ஒரு வரிகூட வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் வெறும் டிக்கெட் மூடும் வேலைதான் தருகிறார்கள் என்றால் அதையே காட்டி வேறு இடம் தேடலாம். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.