மனைவியின் நகையும் இரண்டு ரூபாய்ப் பங்கும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 34. தங்கம் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்திருக்கிறேன், அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது. எங்கள் வீட்டில் 22 பவுன் இருக்கிறது. கல்யாணத்தில் மனைவி வீட்டில் போட்டது. விசேஷ நாட்களில் வெளியே எடுப்போம், மற்றபடி லாக்கரில் சும்மா தூங்குகிறது.

என்னுடன் வேலை செய்யும் நண்பர் ஒரு டெலிகிராம் குழுவில் இருக்கிறார். அங்கே சொல்லும் பங்குகளை வாங்கி எட்டே மாதத்தில் மூன்று லட்சத்தை ஐந்து லட்சம் ஆக்கிவிட்டார். எல்லாம் 2 ரூபாய், 4 ரூபாய் பங்குகள். நானும் போனஸ் பணத்தில் 40,000 ரூபாய்க்கு இரண்டு கம்பெனிப் பங்குகளை வாங்கினேன். இன்று 61,000 காட்டுகிறது. இப்போது 12 பவுனை அடகு வைத்து அந்தப் பணத்தையும் இதில் போட்டு, ஒரு வருடத்துக்குள் நகையை மீட்டுவிடலாம் என்று இருக்கிறேன். 2 ரூபாய் பங்கு எவ்வளவுதான் கீழே போய்விடும்? எல்சிட் 3 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 2 லட்சத்தைத் தாண்டியது, சுஸ்லான் 2 ரூபாயிலிருந்து 80க்கு வந்தது என்று குழுவில் அடிக்கடி சொல்கிறார்கள். தங்கத்தைப் பூட்டி வைத்திருப்பதைவிட இது நல்லதுதானே?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

அடகு வைக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் ஏறக்குறைய முடிவு செய்துவிட்ட மாதிரி இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நண்பர் வருகிறார், டெலிகிராம் குழு வருகிறது. நகைக்குச் சொந்தக்காரர் என்ன சொன்னார் என்பது மட்டும் எங்குமே இல்லை. மனைவி வீட்டில் போட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது சீதனம். 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவிக்கு மட்டுமே உரியது, அது கணவனுக்கும் சேர்த்துக் கூட்டுச் சொத்து ஆகிவிடாது என்று சொன்னது. 2024இல் இன்னொரு வழக்கிலும் அதையே உறுதி செய்தது. இக்கட்டில் கணவன் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு என்றது. உங்களுக்கு இப்போது இக்கட்டு எதுவும் இல்லை. சட்டத்தை விடுங்கள். இந்தக் கடிதத்தை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டத் தயக்கமாக இருந்தால், அந்தத் தயக்கத்தை நீங்கள் மதிக்க வேண்டும்.

இனி எல்சிட். உங்கள் குழுவில் இதைச் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். 2024 அக்டோபர் 29 அன்று மும்பைப் பங்குச் சந்தையில் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு 3 ரூபாய் 53 பைசாவிலிருந்து 2,36,250 ரூபாய்க்குப் போனது உண்மை. ஆனால் அந்த 3.53க்கு அதை விற்க யாரும் இல்லை. ஏஷியன் பெயின்ட்ஸைத் தொடங்கிய குடும்பங்களில் ஒன்று நடத்தும் முதலீட்டு நிறுவனம் அது. பல ஆயிரம் கோடி ரூபாய் பெறுமான ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகள் அதன் கையில் இருக்கின்றன. எல்சிட்டின் மொத்தப் பங்குகளோ வெறும் 2 லட்சம்தான், அதிலும் முக்கால் பங்கு நிறுவனர்களிடம். கணக்குப் புத்தகப்படி அப்போது ஒரு பங்கின் மதிப்பே ஐந்து லட்சத்துக்கு மேல். ஐந்து லட்சம் பெறும் பொருளை மூன்றரை ரூபாய்க்கு யார் விற்பார்? அதனால் வியாபாரமே நடக்காமல், என்றோ பதிவான விலை அப்படியே உறைந்து கிடந்தது. இப்படிப்பட்ட முதலீட்டு நிறுவனங்களுக்கு விலை வரம்பு இல்லாத சிறப்பு ஏலம் நடத்த, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024இல் வழி செய்தது. அந்த ஏலத்தில்தான் உண்மையான விலை வெளியே வந்தது. 3 ரூபாய்க்கு வாங்கி 2 லட்சத்துக்கு விற்ற ஒருவரை உங்கள் குழுவில் யாராலும் காட்ட முடியாது.

நான் இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திரையில் தெரிகிற விலை வேறு, அந்த விலைக்கு எதிரே ஒரு ஆள் நிற்பது வேறு. எல்சிட்டில் அந்த விலைக்கு விற்க ஆள் இல்லை. உங்கள் பங்குகளில் ஒரு நாள் வாங்க ஆள் இருக்காது. உங்கள் 61,000 இப்போதைக்குத் திரையில் இருக்கும் எண்தான். நண்பரின் ஐந்து லட்சமும் அப்படித்தானா, அல்லது விற்றுப் பணம் வங்கிக்கு வந்துவிட்டதா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சுஸ்லான் வேறு கதை. அது காற்றாலை செய்யும் நிஜமான கம்பெனி. 2008 தொடக்கத்தில் 400 ரூபாய்க்கு மேல் இருந்த பங்கு, கடன் சுமையில் நசுங்கி 2020 மார்ச்சில் 2 ரூபாய்க்கும் கீழே வந்தது. கடன் குறைந்த பிறகு 2024இல் 80ஐத் தாண்டியது. 2 ரூபாயில் வாங்கி நான்கு வருடம் வைத்திருந்தவர் பணக்காரர் ஆனார், மறுக்கவில்லை. அதே கம்பெனியை 2008இல் வாங்கியவர் அந்த 80லும் போட்ட பணத்தில் ஐந்தில் நான்கு பாகத்தை இழந்துதான் நின்றார்.

"எவ்வளவுதான் கீழே போகும்" என்று கேட்டீர்கள். பூஜ்யம் வரைக்கும். டிஹெச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனம் ஞாபகம் இருக்கிறதா? 2018 செப்டம்பரில் 600 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்த பங்கு. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போன பிறகும், 20 ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறதே, இதற்கு மேல் என்ன விழப்போகிறது என்று சின்ன முதலீட்டாளர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 2021 ஜூனில் பிரமல் குழுமம் எடுத்துக்கொள்ளும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் பங்குதாரர்களுக்கு ஒரு பைசாகூட இல்லை. பங்கு சந்தைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. விலை சின்னதாக இருப்பதால் நஷ்டம் சின்னதாக இருக்காது. 10,000 ரூபாய்க்கு 5,000 பங்கு வாங்கினாலும் 5 பங்கு வாங்கினாலும் பூஜ்யமானால் போவது அதே 10,000.

சுஸ்லானும் டிஹெச்எஃப்எல்லும் நிஜமாகத் தொழில் செய்து நொடித்த கம்பெனிகள். டெலிகிராமில் வரும் பங்குகள் பெரும்பாலும் அதைவிட மோசமான வகை. அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள்.

பெயருக்குத்தான் ஒரு கம்பெனி இருக்கும். பங்குகளில் பெரும்பகுதி நாலைந்து பேர் கையில், அல்லது அவர்களுடைய பினாமிகள் கையில். சந்தையில் இவர்களை ஆபரேட்டர் என்பார்கள். முதலில் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்றுக்கொள்வார்கள். விற்கும் கையும் வாங்கும் கையும் ஒன்றே என்பதால் விலையைத் தினமும் 5 சதவீதம் ஏற்றுவது சுலபம். ஒரு நாளில் ஒரு பங்கு இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்று சந்தை வைத்திருக்கும் எல்லைதான் சர்க்யூட். சில வாரம் தொடர்ந்து மேல் சர்க்யூட்டில் நின்றால் பார்ப்பவர்களுக்கு ஆசை வந்துவிடும். அப்போதுதான் செய்தி கசியும்: பெரிய குழுமம் வாங்கப்போகிறது, வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கிறது, போனஸ் பங்கு தரப்போகிறார்கள் என்று. உங்களைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வரும்போது ஆபரேட்டர் மெதுவாக வெளியே போகிறார். அவர் போய் முடித்த மறுநாள் கீழ் சர்க்யூட். விற்கப் போட்டவர்கள் லட்சக்கணக்கான பங்குகளுடன் வரிசையில் நிற்பார்கள், வாங்கும் பக்கம் காலி. தினம் 5 சதவீதம்தானே என்று தோன்றும். 20 வேலை நாள் அப்படிப் போனால் 100 ரூபாய் 36 ரூபாய் ஆகிவிடும், அதற்குள் ஒரு பங்கைக்கூட உங்களால் விற்றிருக்க முடியாது.

இது கற்பனை இல்லை. 2022 ஜூலையில் சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறிய தொலைக்காட்சிக் கம்பெனியை அதானி குழுமம் வாங்கப்போகிறது என்று யூடியூப் காணொளிகள் வந்தன. பொய்ச் செய்தி. லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், விலை ஏறியது. செபி 2023 மார்ச்சில் போட்ட உத்தரவைப் படித்தால், அந்தப் பங்கை வைத்திருந்த சிறு முதலீட்டாளர்கள் 2,167 பேரிலிருந்து 55,343 பேராகப் பெருகியதும், அதே சமயத்தில் நிறுவனர்களில் சிலரும் பெரிய பங்குதாரர்களும் ஏறிய விலையில் விற்று வெளியேறியதும் தெரியும். ஐம்பதாயிரம் குடும்பங்கள். அதில் எத்தனை பேர் வீட்டு நகையை வைத்தார்களோ. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த எண்தான் ஞாபகம் வந்தது.

நீங்கள் அந்த இரண்டு பங்குகளை வாங்கும்போது செயலியில் எச்சரிக்கை ஏதாவது வந்ததா? ஏஎஸ்எம், ஜிஎஸ்எம் என்று ஏதாவது எழுதியிருந்ததா? வழக்கத்துக்கு மாறாக விலை ஏறும் பங்குகளைச் சந்தைகள் வைக்கும் கண்காணிப்புப் பட்டியல்கள் அவை. ஜிஎஸ்எம் பட்டியலின் மேல் கட்டங்களுக்குப் போகும் பங்கை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே வாங்கவோ விற்கவோ முடியும். சந்தையின் இணையதளத்தில் இன்றே பார்த்துவிடுங்கள்.

இப்போது தங்கம். அதையும் நான் கண்ணை மூடிக்கொண்டு புகழப்போவதில்லை. தங்கம் விழவே விழாது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. பிறகு இறங்கி இறங்கி 1999இல் 250 டாலர் அளவுக்கு வந்தது. மறுபடி 850ஐத் தாண்டியது 2008 ஜனவரியில்தான். 28 வருடம்! நம் அம்மாக்களும் பாட்டிகளும் அந்த வீழ்ச்சியைப் பெரிதாக உணரவே இல்லை, ஏனென்றால் அதே 28 வருடத்தில் டாலர் 8 ரூபாயிலிருந்து 40 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. ரூபாய் விழுந்த பள்ளத்தில் தங்கம் விழுந்தது தெரியவில்லை. ஆனால் ரூபாயிலும் அது விழும். 2012 இறுதியில் 10 கிராம் 31,000 ரூபாய்க்கு மேல் விற்றது, 2015 கடைசியில் 25,000 அளவுக்கு வந்தது. அப்புறம் நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி. சில டிசைன்களில் சேதாரம் மட்டுமே 15, 20 சதவீதம் போகிறது. விற்கும்போது அதில் ஒரு ரூபாயும் திரும்பாது.

இவ்வளவு குறை இருந்தும் உங்கள் மனைவியின் 22 பவுன் தூங்குகிறது என்பதை நான் ஏற்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு யாருக்காவது நெஞ்சுவலி என்றால், காலையில் கடை திறந்ததும் அந்த நகை பணமாகும். அன்றைய விலை செய்தித்தாளில் இருக்கும், தெருவில் இருக்கும் கடைக்காரருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்கள் பத்து கிராம் விற்றதால் ஊரில் விலை சரிந்துவிடாது. பென்னி ஸ்டாக் என்கிற இந்த 2 ரூபாய், 4 ரூபாய் பங்குகளில் இல்லாதது இதுதான், அதை இழந்த பிறகுதான் அதன் மதிப்புத் தெரிகிறது.

அடகுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், உங்கள் தொழிலே கணக்குதான். வட்டி 12 சதவீதம் என்று வையுங்கள். ஒரு வருடத்துக்குள் பங்கை விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. ஆக, பங்கு 15 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்க முடியும். பங்கு கீழ் சர்க்யூட்டில் மாட்டிக்கொண்டாலும் வட்டி நிற்காது. கட்ட முடியாவிட்டால் நோட்டீஸ், அப்புறம் ஏலம். நகை போகும், பங்கும் கையில் காகிதமாக இருக்கும்.

பங்குச் சந்தையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வயதுக்கு அது வேண்டும். சம்பளத்தில் மாதம் ஒரு தொகையை பெரிய கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வைத்திருக்கும் நிஃப்டி குறியீட்டு நிதியில் எஸ்ஐபியாகப் போடுங்கள், பத்து வருடம் தொடாதீர்கள். தங்கம் சேர்க்க வேண்டும் என்றால் இனிமேல் சேர்ப்பதை, பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதியான ஈடிஎஃப்பில் வைக்கலாம், சேதாரம் கிடையாது. அரசின் தங்கப் பத்திரம் இதைவிட நல்ல வழியாக இருந்தது. 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு வெளிவந்த முதல் பத்திரத்துக்கு 2023 நவம்பரில் 6,132 ரூபாய் கிடைத்தது, நடுவில் வருடம் 2.5 சதவீதத்துக்கு மேல் வட்டியும் வந்தது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு வரவில்லை. பழைய பத்திரங்கள் சந்தையில் கைமாறுகின்றன, ஆனால் அங்கேயும் வாங்க விற்க ஆள் இருக்கிறதா என்று பார்த்தே இறங்குங்கள்.

கடைசியாக உங்கள் 40,000. அது உங்கள் போனஸ், அதைப் பற்றி நான் பயப்படவில்லை. நாளை காலை சந்தை திறந்ததும் இரண்டு பங்கிலும் பாதியை விற்கப் போடுங்கள். மேல் சர்க்யூட்டில் இருந்தால் உடனே விற்றுவிடும், வாங்கக் காத்திருப்பவர்கள் அன்று நிறையப் பேர் இருப்பார்கள். டார்கெட் இன்னும் வரவில்லை, விற்காதே என்று குழுவில் சொல்வார்கள், கேட்காதீர்கள். விற்கவில்லை என்றால் எதிர்ப்பக்கம் எத்தனை பங்குக்கு ஆள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள், அதன் பிறகு மீதிப் பாதியைப் பற்றிப் பேசுவோம்.